பச்சை குத்தப்பட்ட உடல்: வேட்பாளர் போட்டியும் கேலிச்சித்திரமும்

அமெரிக்க அரசியல் கேலிச்சித்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக யானையிலும் கழுதையிலும்தான் தொடங்குகிறார்கள். குடியரசுக் கட்சிக்கு யானை, ஜனநாயகக் கட்சிக்குக் கழுதை. இரண்டு கட்சிகள் மோதும்போது இந்த இரண்டு மிருகங்கள் போதும். மிச்சத்தை வாசகரே பூர்த்தி செய்துகொள்வார். ஆனால் ஒரே கட்சிக்குள் நாலைந்து பேர் ஜனாதிபதி வேட்பாளர் இடத்துக்கு அடித்துக்கொள்ளும்போது சித்திரக்காரர் என்ன செய்வார்? எல்லோரும் ஒரே யானையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கொள்கை ஒன்று, கொடி ஒன்று, மேடைப்பேச்சும் ஏறக்குறைய ஒன்று. வித்தியாசத்தை எங்கேயிருந்து கொண்டுவருவது? கருத்தில் இல்லாத வித்தியாசத்தை உடலில்தான் காட்டியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்கப் பத்திரிகைகள் இதைச் செய்த விதத்தை, குறிப்பாக 1884இல் 'பக்' வாரப் பத்திரிகையில் வந்த இரண்டு படங்களை முன்வைத்து, வாசித்துப் பார்க்க முயல்கிறேன். அந்த உடல்கள் யாரிடமிருந்து கடன் வாங்கப்பட்டவை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் யானையையே கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். தாமஸ் நாஸ்ட் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் 1874 நவம்பர் 7ஆம் தேதியிட்ட இதழில் வரைந்த 'மூன்றாம் தவணைப் பீதி' என்ற படம்தான் குடியரசுக் கட்சி யானையைப் பிரபலப்படுத்தியது என்பார்கள். சரிதான். ஆனால் அந்த யானை எதிர்க்கட்சியோடு சண்டை போட வந்த யானை அல்ல. அப்போது ஜனாதிபதியாக இருந்த கிராண்ட் 1876இல் மூன்றாவது முறையும் நிற்பார், ரோமாபுரி சீசர் மாதிரி ஆகிவிடுவார் என்று 'நியூயார்க் ஹெரால்ட்' கிளப்பிவிட்டிருந்தது. படத்தில் சிங்கத்தோல் போர்த்திய கழுதை ஒன்று காட்டு மிருகங்களை விரட்டுகிறது. அந்தக் கழுதை ஜனநாயகக் கட்சி அல்ல, 'ஹெரால்ட்' பத்திரிகை. ஜனநாயகக் கட்சி நரியாக ஒரு ஓரத்தில் நிற்கிறது. மிரண்ட யானை, உடைந்த பலகைகளால் மூடிய குழியின் விளிம்பில் இருக்கிறது. யானையின் மேல் எழுதியிருப்பது 'குடியரசுக் கட்சி வாக்கு' என்று. கட்சி என்றுகூட இல்லை, வாக்கு. ஆக, பின்னால் கட்சியின் பெருமைக்குரிய சின்னமாகிப்போன இந்த மிருகம் பிறந்ததே, 'அடுத்த வேட்பாளர் யார்' என்ற உள்வீட்டுக் கலக்கத்தில், பயந்துபோய் ஓடுகிற மந்தையின் ஒரு பகுதியாகத்தான். சின்னங்கள் தங்கள் பிறப்பை மறந்துவிடுகின்றன. நாமும் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது மக்கள் அல்ல. இப்போது நாம் செய்தித்தாளில் படிக்கிற மாநிலவாரியான முதனிலைத் தேர்தல்கள் 20ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். அப்போது மாநில அளவில் கட்சிக்காரர்கள் கூடிப் பிரதிநிதிகளை அனுப்புவார்கள். அந்தச் சில நூறு பேர் சிகாகோவிலோ சின்சினாட்டியிலோ ஒரு மண்டபத்தில் கூடி, யாருக்காவது பெரும்பான்மை கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப வாக்களிப்பார்கள். பேரமெல்லாம் ஓட்டல் அறைகளில். 1880இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் 36 சுற்று வாக்கெடுப்பு நடந்தது. கிராண்டுக்காகவும் பிளெய்னுக்காகவும் முட்டி மோதிவிட்டு, கடைசியில் யாரும் எதிர்பாராத கார்ஃபீல்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அப்படியென்றால் இந்தப் போட்டியைப் பற்றிய படத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பார்த்தவருக்கு அந்த விஷயத்தில் ஓட்டே கிடையாது. பொதுத்தேர்தல் படம் வாக்காளரைப் பார்த்துப் பேசுகிறது. வேட்பாளர் போட்டிப் படம் வேடிக்கை பார்ப்பவரைப் பார்த்துப் பேசுகிறது. இந்தப் படங்கள் ஏன் திரும்பத் திரும்ப சர்க்கஸ், பொருட்காட்சி, விளையாட்டுப் பலகை, நீதிமன்றம் என்று வேடிக்கை பார்க்கிற இடங்களிலேயே நடக்கின்றன என்பதற்கு இதைத் தவிர வேறு நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

1880ஆம் வருஷத்துப் படங்கள் இரண்டைச் சொல்கிறேன். பிப்ரவரி 4ஆம் தேதி 'பக்'கில் ஜோசப் கெப்ளர் வரைந்தது ஒன்று. கிராண்டுக்கு மூன்றாம் தவணை வேண்டும் என்ற கோஷ்டி 'அரசாங்கத்தின் தலைமையில் ஒரு பலசாலி தேவை' என்று சொல்லிக்கொண்டிருந்தது. கெப்ளர் அந்தப் பேச்சை அப்படியே கையில் எடுத்துக்கொண்டார். பலசாலிதானே, இதோ சர்க்கஸ் பலசாலி என்று, கிராண்டை அந்தரத்தில் தொங்கவிட்டார். அவர் பிடித்துக்கொண்டிருக்கிற வளையங்களில் 'விஸ்கி வளையம்', 'கடற்படை வளையம்' என்று எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் வளையம் என்ற சொல்லுக்கே ஊழல் கும்பல் என்றும் பொருள் உண்டு. விஸ்கி வரியை ஏப்பம் விட்ட கும்பலுக்கு அப்போது ஊரறிந்த பெயர் அதுதான். பல்லில் கடித்திருக்கிற வாரில் 'ஊழல்'. அதைப் பிடித்துக்கொண்டு அவருடைய ஆட்சிக்கால ஆட்கள் கீழே தொங்குகிறார்கள். உவமை ஒன்றுமில்லை, பேச்சு வழக்கில் இருந்த ஒரு சொல்லை அதன் நேர்ப்பொருளுக்குத் திருப்பி இழுத்ததுதான் படம். இன்னொன்று அதே ஆண்டு மார்ச்சில் ஜேம்ஸ் வேல்ஸ் வரைந்தது. அந்த மாதங்களில் பதினைந்து கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் விளையாட்டு அமெரிக்காவையே பைத்தியமாக அடித்துக்கொண்டிருந்தது. நியூயார்க் செனட்டர் ராஸ்கோ காங்க்ளிங் அந்தப் பலகையின் முன் மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கட்டைகளில் எண்ணுக்குப் பதில் வேட்பாளர் ஆசை உள்ளவர்களின் தலைகள். இந்த இரண்டாவது படத்தை நான் மேலான படமாக நினைக்கிறேன். தலைகளுக்குள் எந்த வித்தியாசமும் இல்லை, நகர்த்துகிற விரல்தான் எல்லாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த வழி தொடரவில்லை. தொடர்ந்தது சர்க்கஸ் வழிதான்.

ஏன் தொடர்ந்தது என்பதற்கு அச்சுத்தொழில் சார்ந்த காரணமும் உண்டு. நாஸ்டின் படங்கள் மரத்தில் செதுக்கி அச்சானவை. நெருக்கமான குறுக்குக் கோடுகள். நிழல் என்றால் கோட்டின் அடர்த்தி. ஒரு உடலை நாஸ்ட் வரைந்தால் அந்த உடல் முழுக்க ஏற்கனவே கோடுதான். 'பக்' கல்லச்சில் வண்ணத்தில் வந்த பத்திரிகை. வியன்னாக்காரரான கெப்ளர் அதை 1876இல் நியூயார்க்கில் ஜெர்மன் மொழியில் தொடங்கி, 1877இல் ஆங்கிலப் பதிப்பும் கொண்டுவந்தார். முன் அட்டை, பின் அட்டை, நடுவில் இரட்டைப் பக்கம் என்று இதழுக்கு மூன்று பெரிய படங்கள். வண்ணக் கல்லச்சு வந்தவுடன் தோல் வந்தது. சதையின் நிறத்தில் வெறுமையாகக் கிடக்கிற ஒரு பரப்பு. அந்தப் பரப்பில் எழுதலாம். கோடுகளால் ஆன உடலில் எழுத்து தொலைந்துபோகும். நிறத்தால் ஆன உடலில் அது பளிச்சென்று தெரியும். பச்சை குத்திய வேட்பாளர் என்ற உருவத்தைச் சாத்தியமாக்கியது கற்பனை மட்டுமில்லை, இந்தக் கல்லும்தான். கல்லில் எழுத்தை இடவலம் மாற்றி எழுத வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படித் திருப்பித் திருப்பி, ஒருவருடைய உடம்பில் அவருடைய குற்றங்களை ஒருவர் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் ஜேம்ஸ் பிளெய்ன். மெய்ன் மாநிலத்துக்காரர், பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக இருந்தவர், பெரிய பேச்சாளர். 1876இல் வேட்பாளர் ஆகப் பார்த்தார், ஹேய்ஸிடம் தோற்றார். 1880இல் பார்த்தார், கார்ஃபீல்ட் வந்துவிட்டார். 1881இல் கார்ஃபீல்ட் கொலையுண்டு துணை ஜனாதிபதி ஆர்தர் பதவிக்கு வந்தார். 1884இல் பதவியில் இருக்கிற ஆர்தரை எதிர்த்தே பிளெய்ன் மூன்றாவது தடவையாக வேட்பாளர் இடம் கேட்டார். எட்மண்ட்ஸ், லோகன், ஷெர்மன் என்று இன்னும் சிலரும் களத்தில் இருந்தார்கள்.

பிளெய்னைப் பற்றி இரண்டு பிரதிகள் புழக்கத்தில் இருந்தன. ஒன்று, 1876 சின்சினாட்டி மாநாட்டில் அவர் பெயரை முன்மொழிந்து ராபர்ட் இங்கர்சால் பேசிய பேச்சு. பகுத்தறிவுப் பிரச்சாரகராக நம் ஊரிலும் அறியப்பட்டவர்தான் இந்த இங்கர்சால். பிளெய்னை அவர் இறகு சூடிய போர்வீரன் என்று வருணித்தார். அந்தப் பட்டம் அப்படியே ஒட்டிக்கொண்டது. மற்றொன்று, முல்லிகன் கடிதங்கள். சபாநாயகராக இருந்தபோது ஒரு ரயில்வே கம்பெனிக்கு நிலமானிய விஷயத்தில் உதவிவிட்டு, பிறகு அதன் பத்திரங்களை விற்றுக்கொடுத்துத் தரகு வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. அவர் ஒரு பாஸ்டன் வியாபாரிக்கு எழுதிய கடிதங்கள் அந்த வியாபாரியின் கணக்கரான முல்லிகனிடம் இருந்தன. 1876இல் விசாரணைக்கு முல்லிகன் வாஷிங்டன் வந்தபோது பிளெய்ன் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்க் கடிதங்களை வாங்கிக்கொண்டு, திருப்பித் தர மறுத்துவிட்டார். பிறகு ஜூன் 5ஆம் தேதி சபையில் எழுந்து, தனக்கு வசதியான பகுதிகளை வசதியான வரிசையில் தானே வாசித்துக் காட்டினார். தன்னைப் பற்றிய பிரதியைத் தானே கைப்பற்றித் தானே தொகுத்துத் தானே வாசிக்கிற ஆசாமி! அந்த நாளில் அது பெரிய வெற்றியாகத்தான் தெரிந்தது. பின்னால் 1884 செப்டம்பரில் இன்னொரு கட்டு கடிதங்கள் வெளிவந்தன. அதில் ஒன்றில் 'இந்தக் கடிதத்தை எரித்துவிடு' என்ற குறிப்பு இருந்தது.

கடிதத்தைப் பறிக்கலாம், எரிக்கலாம். தோலில் எழுதியதை என்ன செய்வது? 1884 ஏப்ரல் 16 'பக்' இதழின் நடுப்பக்கத்தில் பெர்ன்ஹார்ட் கில்லம் வரைந்த படத்துக்கு 'தேசிய டைம் மியூசியம்' என்று பெயர். அமெரிக்காவில் பத்து சென்ட் நாணயத்துக்கு டைம் என்று பெயர். பத்து சென்ட் கொடுத்தால் உள்ளே போய் விசித்திரங்களைப் பார்க்கலாம்: குள்ளர்கள், தாடி வைத்த பெண், எலும்புக்கூடு மனிதன், ஒட்டிப்பிறந்தவர்கள். நியூயார்க்கின் பவரி தெருவில் இந்த மாதிரிக் காட்சிசாலைகள் அப்போது நிறைய. கில்லம் அந்த வருஷத்து ஜனாதிபதி வேட்பாளர் ஆசை உள்ளவர்களையெல்லாம் இப்படி ஒரு காட்சிசாலையின் பிறவிகளாக மேடையேற்றினார். பிளெய்னுக்குக் கிடைத்த வேஷம், உடம்பெல்லாம் பச்சை குத்தியவன்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சின்ன இடைஞ்சல் வரலாம். நமக்குப் பச்சை குத்துதல் என்றால் உடனே அவமானம் ஞாபகத்துக்கு வராது. பாட்டிமார் கையில் இருந்த கோலம், நரிக்குறவப் பெண்கள் குத்திவிட்ட பெயர், கட்சிச் சின்னத்தைக் கையில் குத்திக்கொண்ட தொண்டர் என்று அது நமக்குப் பற்றின் அடையாளமாகத்தான் பெரும்பாலும் இருந்திருக்கிறது. 1884இன் நியூயார்க் நடுத்தர வர்க்க வாசகருக்கு அப்படி இல்லை. பச்சை குத்திய உடல் மாலுமியுடையது, 'காட்டுமிராண்டி'யுடையது, அல்லது காட்சிசாலைக்காரனுடையது. 1870களில் பார்னம் தன் காட்சியில் கொண்டுவந்து நிறுத்திய கான்ஸ்டென்டீனஸ் என்ற கிரேக்கரின் உடல் முழுக்கப் பச்சை குத்தியிருந்தது. கிழக்கே, சீனத் தாத்தாரி தேசத்தில், தன்னைச் சிறைபிடித்து வலுக்கட்டாயமாகக் குத்திவிட்டார்கள் என்பது அவர் சொல்லிக்கொண்ட கதை. கதை பொய்யாக இருக்கலாம். டிக்கெட் விற்றது அந்தக் கதைதான். வெள்ளை உடலின் மேல் ஆசியக் கை எழுதிய எழுத்து என்பதில்தான் அந்தக் காட்சியின் கிளுகிளுப்பு இருந்தது.

இப்போது பிளெய்னின் உடம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். 'முல்லிகன் கடிதங்கள்', 'லஞ்சம்', ரயில்வே பத்திரங்களின் பெயர்கள். கூடவே 'சீன எதிர்ப்பு வாய்ச்சவடால்' என்று ஒன்று. பிளெய்ன் 1879இல் செனட்டில் சீனர் குடியேற்றத்தைத் தடுக்க வேண்டும் என்று பேசியவர். மேற்குக் கரை வாக்குகள் மேல் கண். நாஸ்ட் அப்போதே இதற்காக அவரைப் போட்டுத் தாக்கியிருக்கிறார். 1882இல் சட்டமே வந்துவிட்டது. ஆக, சீனர்களை அவமதித்தவர் என்ற நியாயமான குற்றச்சாட்டு, ஆசியாவில் சிக்கி அசிங்கப்பட்ட உடல் என்ற கற்பனையின் மேல் எழுதப்படுகிறது. எழுத்து ஒன்று சொல்கிறது, எழுதப்பட்ட இடம் வேறொன்று சொல்கிறது. இந்த முரண்பாடு கில்லமுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தெரியாமல் நடந்தது என்பதால்தான் அது முக்கியமாகிறது. 'பக்' பத்திரிகையின் பழைய பக்கங்களில் ஐரிஷ்காரர்களும் சீனர்களும் எப்படி வரையப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இதில் ஒரு வேடிக்கை, கெப்ளர் வியன்னாவில் பிறந்தவர், நாஸ்ட் ஜெர்மனியில், கில்லம் இங்கிலாந்தில். அமெரிக்க அரசியல் உடலை வரைந்த மூன்று பேருமே கப்பலில் வந்திறங்கியவர்கள்.

இரண்டாவது படம் ஜூன் 4ஆம் தேதி இதழில் வந்தது. சிகாகோ மாநாடு ஜூன் 3ஆம் தேதி தொடங்கியிருந்தது. 'சிகாகோ நீதிமன்றத்தின் முன் ஃப்ரினி' என்பது தலைப்பு. மூலம், பிரெஞ்சு ஓவியர் ழெரோம் 1861இல் வரைந்த ஓவியம். ஏதென்ஸ் நகரத்துக் கணிகை ஃப்ரினி மேல் தெய்வநிந்தனை வழக்கு. வாதம் எடுபடாமல் போகிற கட்டத்தில் அவளுடைய வழக்கறிஞர் ஹைப்பரைடீஸ் அவள் மேலாடையைச் சரேலென்று விலக்கிவிடுகிறார். அந்த அழகைப் பார்த்து நீதிபதிகள் விடுதலை செய்துவிடுகிறார்கள். ழெரோமின் ஓவியத்தில் அவள் கைகளால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். சிவப்பு உடுத்திய கிழவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறார்கள். பார்ப்பவர்களைப் பார்க்கிற ஓவியம் என்று அதைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. பார்ப்பவர்களோடு சேர்ந்து பார்க்கிற ஓவியம் என்றே எனக்குப் படுகிறது.

கில்லம் அந்த அமைப்பைத் தூக்கி சிகாகோவில் வைத்தார். ஃப்ரினியின் இடத்தில், இடுப்பில் மட்டும் துணியோடு, பச்சை குத்திய பிளெய்ன். துணியை இழுக்கிற வழக்கறிஞர், 'நியூயார்க் டிரிப்யூன்' ஆசிரியரும் பிளெய்ன் ஆதரவாளருமான ஒயிட்லா ரீட். நீதிபதிகளாக உட்கார்ந்திருப்பவர்கள் கட்சியின் மற்றப் பெரிய மனிதர்கள். கதை தலைகீழாகிறது. அங்கே துணி விலகினால் அழகு, இங்கே துணி விலகினால் கறை. ரீட் தன் ஆளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு காட்டிக்கொடுக்கிறார். ஆதரவாளரின் புகழுரைதான் குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது என்பது நல்ல கிண்டல்; வேட்பாளர் போட்டியின் உள்ளியக்கத்தையே அது பிடித்துவிடுகிறது. உள்போட்டியில் யாரும் எதிரியைத் திட்டுவதில்லை. நாளைக்கு அவரையே ஆதரித்துப் பேச வேண்டியிருக்கும். எனவே எல்லோரும் தங்கள் ஆளைப் புகழ்கிறார்கள். புகழ்ச்சியின் சந்துகளில்தான் வசை வேலை செய்கிறது. 'எங்கள் ஆள் நேர்மையானவர்' என்று ஒரு கோஷ்டி சொன்னால் யாரைச் சொல்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். சொல்லப்படாத அந்தப் பகுதியை கில்லம் எழுத்தாகத் தோலில் எழுதிவிட்டார்.

அதே நேரத்தில் இந்தக் கிண்டல் எதை வைத்து இயங்குகிறது? பெண்ணின் இடத்தில் நிறுத்தப்பட்ட ஆண் என்பதை வைத்து. பிளெய்ன் லஞ்சம் வாங்கினார் என்பதை வார்த்தைகள் சொல்கின்றன; ஆனால் சிரிப்பு வார்த்தைகளிலிருந்து வரவில்லை. ஒரு அரசியல்வாதி, பல ஆண்கள் பார்க்க, துணி உரியப்பட்டு நிற்கிறார் என்பதிலிருந்து வருகிறது. வாக்குரிமையே இல்லாத ஒரு பாலினத்தின் நிலையில் வாக்கு கேட்பவரை நிறுத்துவதுதான் இங்கே தண்டனை. ஏப்ரல் படத்தில் காட்சிசாலை மனிதர்களின் பிழைப்பு அவமானமாக ஆக்கப்பட்டது, ஜூன் படத்தில் பெண்ணுடல். லஞ்சம் வாங்கியவரைத் தண்டிக்க லஞ்சம் வாங்காதவர்களின் உடல்கள் தேவைப்பட்டிருக்கின்றன. கேலிச்சித்திரம் அதிகாரத்தை எதிர்க்கும் கலை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. எதிர்த்தது உண்மை. 'ஊழல்' என்ற அருவமான சொல்லுக்கு ஒரு முகத்தையும் தோலையும் கொடுத்தது சின்னக் காரியம் இல்லை. ஆனால் எதை அடித்தது என்று கேட்கும்போது எதைக் கொண்டு அடித்தது என்றும் கேட்டாக வேண்டும்.

பிளெய்ன் கோபத்தில் 'பக்' மேல் வழக்குப் போட நினைத்ததாகவும் நண்பர்கள் தடுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். நண்பர்கள் விவரம் தெரிந்தவர்கள். வழக்கு என்று போனால் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் கோர்ட்டில் எழுத்துக்கூட்டி வாசித்திருப்பார்கள்.

மாநாட்டில் என்ன நடந்தது? முதல் சுற்றில் பிளெய்னுக்கு 334½, ஆர்தருக்கு 278, எட்மண்ட்ஸுக்கு 93. வெற்றிக்கு 411 வேண்டும். நாலாவது சுற்றில், ஜூன் 6ஆம் தேதி, பிளெய்ன் 541 வாக்குகளோடு வேட்பாளர் ஆகிவிட்டார். அதாவது சிகாகோ நீதிமன்றம் ஏதென்ஸ் நீதிமன்றம் செய்ததையே செய்தது. துணி விலகியது, எல்லாம் தெரிந்தது, விடுதலை. படம் பத்து சென்ட் கொடுத்துப் பார்த்தவர்களைத்தான் தொட்டது. தீர்ப்புச் சொன்னவர்களைத் தொடவில்லை. மூலக்கதையில் இருந்த இந்த முடிவை கில்லம் யோசித்திருந்தாரா என்று தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. தலைகீழாக்கியதாக அவர் நினைத்த கதை, நேராகவே நடந்து முடிந்தது.

கில்லமைப் பற்றி ஒரு விஷயம். அவர் சொந்த முறையில் குடியரசுக் கட்சிச் சார்புள்ளவர். 1886இல் 'பக்'கை விட்டுவிட்டுப் போட்டிப் பத்திரிகையான 'ஜட்ஜ்'க்குப் போனார். குடியரசுக் கட்சிக்காரர்கள் கைக்குப் போய்விட்டிருந்த அதில் ஜனநாயகக் கட்சியைக் கிழித்து வரைந்துகொண்டிருந்தார். அந்த 'ஜட்ஜ்' பத்திரிகையை 1881இல் தொடங்கியது யாரென்றால், பதினைந்து கட்டைப் படம் வரைந்த நம்முடைய ஜேம்ஸ் வேல்ஸ்தான், 'பக்'கிலிருந்து கோபித்துக்கொண்டு போனவர். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் சொன்னதைப் பத்துப் பதினைந்து வருஷங்களாக நாமெல்லோரும் மேற்கோள் காட்டி அலுத்துவிட்டோம். கில்லம் விஷயத்தில் ஆசிரியன் சாகவெல்லாம் இல்லை. கூலி வாங்கிக்கொண்டு, தன் நம்பிக்கைக்கு எதிராக, நன்றாக வரைந்துகொண்டிருந்தான். ஆசிரியரின் உள்நோக்கத்தை வைத்துப் பிரதியை வாசிப்பவர்களுக்கு இவர் ஒரு தலைவலி.

தேர்தலில் பிளெய்ன் தோற்றார். நேர்மைவாதிகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம் கட்சியை விட்டு விலகி, ஜனநாயகக் கட்சியின் கிளீவ்லாண்டை ஆதரித்தது. நாஸ்டும் அந்தப் பக்கம் போனார். கிளீவ்லாண்ட் நியூயார்க் மாநிலத்தை ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் பிடித்து ஜனாதிபதியானார். இவ்வளவு குறைந்த வித்தியாசம் என்றால் யார் வேண்டுமானாலும் உரிமை கொண்டாடலாம். கத்தோலிக்கர்களைச் சீண்டிப் பேசிய ஒரு பாதிரியார், கோடீசுவரர்கள் கொடுத்த விருந்து, பச்சை குத்திய மனிதன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்கு அந்தக் கணக்கில் அக்கறை இல்லை. வேட்பாளர் ஆனபிறகு பச்சை குத்திய மனிதன் வாராவாரம் 'பக்'கில் வந்துகொண்டிருந்தான் என்றாலும், ஏப்ரலிலும் ஜூனிலும் இருந்த கூர்மை அப்புறம் அதில் இல்லை. எதிரே வேறொரு கட்சி வந்து நின்றபிறகு உடம்பில் எழுதித்தான் பிரித்துக்காட்ட வேண்டும் என்ற அவசியம் போய்விட்டது.

1912க்கு ஒரு தாவு தாவ வேண்டும், காரணம் இருக்கிறது. 1884 சிகாகோ மாநாட்டில் எட்மண்ட்ஸுக்காக வேலை செய்த இளம் பிரதிநிதிகளில் ஒருவர் தியோடர் ரூஸ்வெல்ட். அப்போது வயது 25. மாநாடு முடிந்ததும் முணுமுணுத்துக்கொண்டே பிளெய்னை ஆதரித்தவர். அவர் ஜனாதிபதியாக இருந்துவிட்டு, தானே கைகாட்டி உட்காரவைத்த டாஃப்டிடமிருந்து 1912இல் வேட்பாளர் இடத்தைத் திரும்பக் கேட்டார். இந்தத் தடவை பத்துப் பன்னிரண்டு மாநிலங்களில் முதனிலைத் தேர்தல் நடந்தது. வேடிக்கை பார்த்தவருக்கு முதன்முறையாக ஓட்டு வந்தது. படங்களும் மாறியிருந்தன. ரூஸ்வெல்ட் என்றால் பல்லும் மூக்குக்கண்ணாடியும், டாஃப்ட் என்றால் தொந்தி. உடம்பில் எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை, உடம்பே எழுத்தாகிவிட்டது. குற்றப்பட்டியல் போனது, கூடவே குற்றத்தைப் பற்றிய பேச்சும் போனது என்று எனக்கு ஒரு சந்தேகம். தொந்தியைப் பார்த்துச் சிரிப்பதற்கு எந்தக் கடிதத்தையும் படித்திருக்க வேண்டியதில்லை. அந்த முதனிலைத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றில் ரூஸ்வெல்ட்தான் ஜெயித்தார், டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹையோ உட்பட. ஆனால் ஜூன் மாதம், மறுபடியும் அதே சிகாகோவில், மாநாட்டுப் பிரதிநிதிகள் டாஃப்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ரூஸ்வெல்ட் வெளியேறித் தனிக்கட்சி கண்டார். கட்சி வேறானதும் சித்திரக்காரர்கள் முதல் வேலையாக ஒரு புது மிருகத்தைக் கொண்டுவந்து யானைக்கும் கழுதைக்கும் பக்கத்தில் நிறுத்தினார்கள். வட அமெரிக்கக் காடுகளில் திரிகிற, பெரிய கொம்புள்ள மூஸ் மான்.